நாற்பத்தோராம் பக்கத்துக் கழுதை

1735 வருஷம், ஐப்பசி 8, வெள்ளி

அச்சில் மை பரவிக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கம் பளிச்சென்று காலியாக இருக்கிறது. கப்பலில் வந்த காகிதம், தூக்கி எறிய மனசு வரவில்லை. முன்பக்கம் மோட்சத்துக்கு வழி சொல்லட்டும், பின்பக்கம் என் வீட்டு வழக்கு நடக்கட்டும் என்று இன்று முதல் எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியநாதன். கோட்டைப் பட்டணத்து மிஷன் அச்சுக்கூடத்தில் பிழை பார்க்கிறவன். ரோமை மார்க்கத்தாரை மறுத்து நம் லுத்தர் சபையார் போடும் நூலை எழுதுகிறவனும் நான்தான். முகப்பில் ஐரோப்பாவிலிருந்து வந்த நம் குருவானவர் லுண்ட் ஐயர் பெயர் இருக்கும். கருத்து அவருடையது, தமிழ் என்னுடையது. கருத்தை யார் படிக்கிறார்கள்?

இன்று ஆற்றுக்கு அப்புறம் ரோமை மார்க்கத்தார் ஊரான புன்னைக்குளத்திலிருந்து ஓர் ஓலைக்கட்டு வந்தது. நம் சபையின்மேல் அறுபது ஏடு ஆட்சேபம். போன தடவை இருபதுதான். எழுதினவர் பெயர் இல்லை. ஐயர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “யாராக இருக்கக்கூடும்?” என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன். எனக்குத் தெரியாத கையெழுத்தா? என் கல்யாண ஓலையை எழுதின கை அது. என் மனைவி ஆரோக்கியத்தின் அண்ணன், புன்னைக்குளத்து உபதேசியார் சவரிராயன்.

ஆரோக்கியம் என்னைக் கட்டிக்கொண்டு நம் சபைக்கு வந்தபோது அப்போதைய குருவானவர் அவளுக்குச் சாராள் என்று பெயர் வைத்தார். இருபது வருஷமாகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாமிசம் தள்ளி மீன் தின்கிற ரோமை வழக்கம் மூடபக்தி என்று ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டுச் சாப்பிட வந்தேன். மீன் குழம்பு.

“கறி கெடைக்கலியா?”

“மீனு சல்லிசா வந்துச்சுங்க.”

இருபது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மீன் சல்லிசாகத்தான் வருகிறது. கடலுக்கே ரோமைப் பக்கம் சாய்வு இருக்கும்போலிருக்கிறது.

ஐப்பசி 10, ஞாயிறு

மகள் ரெபெக்காளுக்குத் தை ஒன்பதாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை நம் பள்ளிக்கூடத்து வாத்தியார், நல்ல பையன், என் நூலைப் படித்திருப்பதாகச் சொன்னான். எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஆரோக்கியம் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எங்கண்ணன் வந்து மால எடுத்துக் குடுக்காம எம் பொண்ணு கோயில் வாசப்படி ஏற மாட்டா.”

தாய்மாமன் மாலை எடுத்துக்கொடுக்காமல் கல்யாணம் நடப்பதாவது என்பது ஒரு பக்கம். சவரிராயன் என் வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது என்பது மறுபக்கம். காரணம் என் முதல் நூல், நாற்பத்தோராம் பக்கம். “இதோ, ஆற்றைக் கடந்து பொதி சுமந்துவரும் கழுதை!” என்று ஆட்சேபக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். தன் பாதிரியார் சொல்வதைப் பொருள் தெரியாமல் சுமந்து வருகிறார் என்று அர்த்தம். ஐயர் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அதுதான். எனக்கும் பிடித்த வரி.

வாதத்தில் இதெல்லாம் சகஜம். அவர்கூட நம் சபையாரைப் பதிதர், மார்க்கம் விட்டோடியவர் என்றுதான் எழுதுகிறார். நான் கோபித்துக்கொண்டேனா? கோபித்துக்கொண்டுதான் கழுதை என்று எழுதினேன் என்பது வேறு விஷயம்.

ஐப்பசி 18, திங்கள்

மழை. ஆட்சேபத்தை அச்சுக் கோக்க ஆரம்பித்தோம்.

லுண்ட் ஐயருக்கு ஒரு முறை உண்டு. எதிரியின் பேச்சை ஓர் எழுத்துக் குறைக்காமல் முழுக்கப் போட வேண்டும், அப்புறம்தான் மறுப்பு. “குறைத்துப் போட்டால் நாம் பயந்ததாக ஆகும்” என்பார். மறுப்பு தனி ஏடுகளில் வர வேண்டும், ஒவ்வோர் ஏட்டின் தலையிலும் பூ வேலை செய்த மரக்கட்டையால் ஒரு பூ பதிக்க வேண்டும். இதில் காகிதம் எவ்வளவு வீணாகிறது தெரியுமா? ஐரோப்பாவில் காகிதம் மரத்தில் காய்க்கிறதோ என்னவோ. ஆட்சேபத்தை ஐயர் படித்துப் பார்ப்பதில்லை. அசத்தியத்தைப் படித்துப் பிழை பார்க்க என்னை வைத்திருக்கிறார்.

சவரிராயன் தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் அவசரத் தமிழ். வாக்கியம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்துவிடுகிறது. எழுத்துக் குறைக்கக் கூடாது என்றுதானே உத்தரவு, சீர்செய்யக் கூடாது என்று இல்லையே. போன நூலில் செய்ததுபோல் இன்றும் நாலைந்து இடத்தில் தட்டிக் கொட்டினேன். ஓரிடத்தில் அவருக்கு அகப்படாமல் போன உவமையைக்கூட எடுத்துக் கொடுத்தேன். எதிரி திடமாக இருந்தால்தானே அவனை வீழ்த்துவதில் பெருமை.

ஐப்பசி 20, புதன்

சுபசெய்தி. புன்னைக்குளத்தார் நம் முதல் நூலைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்! மீதியிருந்த ஐம்பது பிரதியையும் கொடுத்துவிடச் சொன்னார் ஐயர். கண்ணில் நீர் தளும்ப ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

கட்டைப் படகுத்துறையில் சேர்க்கிற வேலையை ஆரோக்கியமே வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சபைக் காரியத்தில் இவ்வளவு ஊக்கம் நான் பார்த்ததில்லை. ஒரு நூலைப் புரட்டி, “இந்தப் பூவு எதுக்குங்க?” என்று கேட்டாள்.

“பூ போட்ட ஏடெல்லாம் என்னோட மறுப்பு. ஆட்சேபத்துல பூ இருக்காது.”

“ஓகோ” என்றாள்.

படிக்கத் தெரியாதவளுக்கும் என் மறுப்பு எது என்று தெரிந்துவிட்டது. ஒரு நூலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

சாயங்காலம், அச்சுக்கூடத்தில் பசையில் கலக்கிற மயில்துத்தம் கொஞ்சம் வேண்டும் என்றாள். கரப்பான் தொல்லையாம். கொடுத்தேன். கட்டு இன்னும் அடுக்களையில்தான் கிடக்கிறது.

ஐப்பசி 28, வியாழன்

மழை. மை காயவில்லை. நூல்கட்டு நேற்றுத்தான் அடுக்களையிலிருந்து படகுக்குப் போயிற்று. அடுக்களையில் ஒரு வாரமாக வடித்த சோறு குறைகிறது. கரப்பான்தான்.

கார்த்திகை 8, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். கூச்சப்பட்டால் நான் எழுதியிருக்க வேண்டியதே இல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் வெற்றிலை பாக்கு தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும், அதுவும் பெண்ணின் தகப்பன் போய் வைக்க வேண்டும் என்று ஆரோக்கியம் தாம்பாளத்தைக் கையில் திணித்து அனுப்பினாள். ஆற்றில் வெள்ளம். ஓடக்காரர், “என்ன அச்சுக்கூடத்தாரே, இந்தப் பக்கம்?” என்று சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது தெரியவில்லை.

புன்னைக்குளத்துக் கோயில் வாசலில் கூட்டம். நடுவில் சவரிராயன் உட்கார்ந்து ஒரு நூலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். ஓலை அல்ல, அச்சு நூல். நம் நூல்! எனக்கு உடம்பு புல்லரித்தது. தாம்பாளத்தோடு பூவரச மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். என் தமிழ் கடைசியில் இந்த ஊரையும் அசைத்துவிட்டது, ஐயர் கேட்டால் ஆடிப்போவார் என்று என்னென்னவோ நினைத்தேன்.

முதல் ஆட்சேபத்தை வாசித்தார். ஜனங்கள் தலையாட்டினார்கள். இனி என் மறுப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பலகைபோல் தடித்த ஓர் ஏட்டை ஒரே புரட்டாகப் புரட்டி, இரண்டாம் ஆட்சேபத்தைத் தொடங்கினார். அதற்கும் தலையாட்டினார்கள். மறுபடி பலகை. என் பதினெட்டு மறுப்பும் பலகையாகிக் கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

“யாரு, மாப்ளையா? மரத்துக்குப் பின்னால என்ன வேல? வாங்க, உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. நூலைப் பிடுங்கிப் பார்த்தேன். பூ போட்ட ஏடுகளை மட்டும் அடுத்தடுத்துச் சோற்றுப்பசை தடவி ஒட்டியிருந்தது. பசையில் லேசாக நீலம் ஓடியிருந்தது. மயில்துத்தம் போட்ட பசை. அச்சுக்கூடத்தில் தவிர வேறெங்கும் அப்படிக் கலப்பதில்லை. இதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

“இது என்ன மச்சான் அநியாயம்?”

“எது அநியாயம்? ஒங்ககிட்ட அச்சு இருக்கு. எங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு ஓலைய நாலு பேரு எழுதி எடுக்கறதுக்குள்ள செல்லரிச்சுப் போவுது. நான் எழுதினத ஒங்க ஐயரு ஐநூறு பிரதி போட்டுத் தர்றாரு. வேணாங்கவா சொல்றீங்க?”

“அதுக்குத்தான் இந்தத் தடவ அறுபது ஏடா?”

“சாவுக்குப் படிக்கிற செபம் மூணு உள்ள சேத்திருக்கேன். ஊருல கேட்டுக்கிட்டே இருக்காங்க.” கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொண்ணும் சொல்லணும் மாப்ள. அச்சுல வந்தப்புறம் படிச்சா நான் எழுதின மாதிரியே இல்ல. அவ்ளோ நல்லாருக்கு. யாரு கை பட்டுதுன்னு எனக்குத் தெரியும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது. இருந்தது.

தாம்பாளத்தை நீட்டினேன். கும்பிட்டார், எடுக்கவில்லை.

“கழுதைய எடுத்துருங்க, நான் வர்றேன்.”

“எடுத்தாச்சு மச்சான். தப்புத்தான். இதோ வாயால சொல்றேன்.”

“ஐநூறு தாள்ல போட்டத ஒரு வாயால எடுக்க முடியுமா? இந்த ஊருக்குத் தெரியாது, இவங்க பிரதியெல்லாம் ஒட்டியிருக்கு. என்னோடத நான் ஒட்டல. ரெபெக்காளுக்குப் படிக்கத் தெரியும். நாளைக்கு அவ புள்ளைங்க படிக்கும். அம்மாவோட தாய்மாமன் யாருன்னா, பாட்டன் அச்சுல போட்டிருக்காரு பாரு, கழுதைன்னு சொல்லும். ஓலையா இருந்தா செல்லு தின்னுட்டுப் போயிரும். இது போவாது.”

திரும்பி வரும்போது ஓடக்காரர் சிரிக்கவில்லை. ஆரோக்கியம் வாசலில் நின்றிருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை வாடிக் கிடந்ததைப் பார்த்தாள். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகை 9, திங்கள்

பசை விஷயத்தை ஐயரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரோமைச் செபநூலை நம் செலவில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்குச் சொல்வேன்.

கார்த்திகை 10, செவ்வாய்

ஐயருக்கு வயிற்றுக் கோளாறு. இந்த நிலையில் எப்படிச் சொல்வது.

கார்த்திகை 18, புதன்

ஐயருக்குக் குணமாகிவிட்டது. நல்ல மனநிலையில் இருக்கிறார். இந்த நிலையில் எப்படிச் சொல்வது.

கார்த்திகை 27, வெள்ளி

கழுதையை எடுக்க வழி தேடுகிறேன். மறுப்பில் ஒரு வரி மன்னிப்பு எழுதினால், ஐயர் எழுத்தெழுத்தாகப் படிப்பார். எதிரியிடம் மன்னிப்பா என்று அடித்துவிடுவார். அவர் படிக்காத இடம் ஆட்சேபம். ஆனால் அது சவரிராயன் வாய். தம்மைத் தாமே கழுதை அல்ல என்று அவர் சொல்லிக்கொண்டால், சந்தேகம்தான் வலுக்கும்.

நாடே மெச்சும் தமிழ் எனக்கு. ஒரு கழுதையை இறக்கி விட ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

மதியம் மீன். சல்லிசாக வந்ததாம்.

மார்கழி 2, செவ்வாய்

அகப்பட்டது!

நூலின் கடைசி ஏடு பிழைதிருத்தம். அது என் ராஜ்யம். இன்ன பக்கத்தில் இன்னது தப்பாக விழுந்தது, இப்படி வாசிக்கவும் என்று போடுவது. முதல் நூலின் பிழைகளையும் இதிலேயே சேர்த்துப் போடுகிற வழக்கம் உண்டு. உலகத்தில் எவனும் படிக்காத பக்கம். ஆனால் அச்சு அச்சுத்தானே, ஐநூறு ஐநூறுதானே. கோத்தேன்:

“முதல் நூல், 41ஆம் பக்கம்: கழுதை என்றிருப்பதை மைத்துனர் என்று வாசிக்க.”

மார்கழி 4, வியாழன்

உலகத்தில் ஒருவர் பிழைதிருத்தத்தைப் படிக்கிறார். லுண்ட் ஐயர்.

தாளை மேசைமேல் வைத்து அந்த வரியில் விரலை ஊன்றினார். அவர் தமிழைப் புத்தகத்தில் கற்றவர். கோபத்திலும் புத்தகம்போலத்தான் பேசுவார்.

“பாக்கியநாதரே, இது எவ்வகைப் பிழை? எழுத்துப் பிழையா, பொருட் பிழையா?”

“உறவுப் பிழை, ஐயரே.”

“விளங்கவில்லை.”

விளங்கச் செய்தேன். ஓலை எழுதினவர் யாரென்று, மகள் கல்யாணத்தில் தாய்மாமன் என்ன செய்ய வேண்டும் என்று, அவர் வராவிட்டால் என் மனைவி என்ன சொன்னாள் என்று எல்லாம். பசையைத் தவிர எல்லாம். என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கள் தேசத்தில் எனக்கும் ஒரு மைத்துனர் இருந்தார். ரோமையும் அல்ல, லுத்தரும் அல்ல, கல்வீன் சபை. நற்கருணை அப்பத்தைக் குறித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மிகச் சிறந்த கடிதம். மறுமொழி வரவில்லை. நான் கப்பலேறிய பிறகு அவர் மரித்தார் என்று என் சகோதரி எழுதினாள். அதற்குப் பின் அவளும் எழுதவில்லை.”

ஐயர் இறகை எடுத்து என் வரியில் ஒரு புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தார்.

“பிழையென்று அறிந்தபின் திருத்தாமல் விடுவது பாவம். அச்சிடும்.”

அந்த மனுஷனிடம் பசை விஷயத்தை எப்படிச் சொல்வது.

மார்கழி 15, திங்கள்

இரண்டாம் நூல் வெளியாயிற்று. புன்னைக்குளத்திலிருந்து ஐம்பது கேட்டு வந்தது. ஐயர் ஐரோப்பாவுக்கு எழுதுகிறார்.

ஆரோக்கியம் கட்டை அடுக்களைக்குக் கொண்டுபோனாள். கடைசி ஏட்டைக் காட்டினாள்.

“இதுல பூவு இல்லியே. இது யாரோடது?”

“அது ஒங்கண்ணனுக்கு. அத மட்டும்...” என்று தொடங்கி, என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

“சரி, அத ஒட்டல” என்றாள்.

அப்புறம் நானே மயில்துத்தம் எடுத்துக் கொடுத்தேன்.

மார்கழி 29, திங்கள்

கெட்டது குடி.

நான் நினைத்தது, சவரிராயன் தனியாக உட்கார்ந்து கடைசி ஏட்டைப் படிப்பார், மனசு ஆறும். நடந்தது, ஓடக்காரர் வந்து ஆரோக்கியத்திடம் சொன்னது. நேற்றுப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாசிப்பு. வாசித்தவர் வேறொருவர், சவரிராயனுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். வாசிக்க வந்தவர் பூவில்லாத ஏட்டையெல்லாம் வரிசையாக வாசித்துக்கொண்டே போய், பிழைதிருத்தத்தையும் ராகம் போட்டு வாசித்துவிட்டார். “கழுதை என்றிருப்பதை மைத்துனர் என்று வாசிக்க.”

எந்தக் கழுதை, யாருக்கு மைத்துனர் என்று ஊரே கிளம்பியது. முதல் நூலைத் தேடி எடுத்தார்கள். நாற்பத்தோராம் பக்கம் பலகைக்குள் இருந்தது. கஞ்சிப்பானை ஆவியில் காட்டிக் காட்டி ஒட்டுப் பிரித்தார்களாம். ஒன்று பிரிந்தால் போதுமா, கழுதை வேறெங்காவது இருக்கிறதா என்று மொத்த ஏட்டையும் பிரித்து, என் பதினெட்டு மறுப்பையும் வரிவிடாமல் படித்துத் தீர்த்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அப்புறம் என் எழுத்து முதன்முதலாக வாசிக்கப்பட்டது கழுதை தேடித்தான். கழுதை ஒன்றுதான் இருந்தது என்பதில் பலருக்கு ஏமாற்றமாம்.

இப்போது சின்னப்பிள்ளைகள் சவரிராயனைத் தெருவில் கண்டால் “மைத்துனர், மைத்துனர்” என்று கூவிவிட்டு ஓடுகின்றனவாம். யாருக்கும் தெரியாமல் இருந்த கழுதையை நானே ஓட்டிப்போய்க் கோயில் வாசலில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

“அண்ணன் என்ன சொல்லிச்சாம்?” என்று ஆரோக்கியம் கேட்டாள்.

“ஒண்ணுஞ் சொல்லலம்மா. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு” என்றார் ஓடக்காரர்.

தை 3, வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை. ஆரோக்கியம் மீன் வைத்தாள். சல்லிசாக வந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

தை 8, புதன்

பந்தல் போட்டாயிற்று. மாலை கட்டச் சொல்லியாயிற்று. அதை யார் எடுத்துக்கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. ரெபெக்காள் என்னிடம் வந்து, “மாமா வரலன்னா பரவால்லப்பா, நீங்க அழுவாதீங்க” என்றாள். நான் அழவில்லை, மழைக்காலத்துச் சளி என்றேன். தை மாசத்தில் ஏது மழை.

சவரிராயனை என் மனசு தேடியது. வாதத்துக்கு அல்ல. என் வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல இந்தக் கரையில் ஆள் இல்லை.

தை 9, வியாழன்

காலையில் கோயில் மணி முதல் தடவை அடித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்கிறார்கள். ஆரோக்கியம் படிக்குக் கீழே நின்று ஆற்றுப் பாதையையே பார்க்கிறாள். ஐயர் அங்கி போட்டுக்கொண்டு உள்ளிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தார், இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மணியடிக்கிறவரைக் கூப்பிட்டு, இரண்டாம் மணிக்கு அவசரமில்லை என்றார்.

அப்போது கடைத்தெரு முனையில் சத்தம். ஒரு மரப்பெட்டி தலைமேல் தெரிந்தது. அதற்கு மேல் தேங்காய்க் கூடை, அதற்கும் மேல் புடவை மூட்டை. கீழே வேர்க்க விறுவிறுக்க ஒரு மனுஷன். பின்னால் ஓடக்காரர் வெறுங்கையாக ஓடிவந்தார்.

“நான் தூக்கறேன்னு சொன்னேங்க, தர மாட்டேனுட்டாரு. தொறையிலேர்ந்து இப்படித்தான் வர்றாரு!”

சவரிராயன் பட்டணத்து நடுத்தெரு வழியாக, அச்சுக்கூடத்து வாசலைத் தாண்டி, ஊர் பார்க்க வந்து படிக்குக் கீழே நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருந்துச்சு. ஆத்தக் கடந்து பொதி சொமந்து வரும் மைத்துனர்னு. அதான் வந்துட்டேன்.”

“எறக்கி வைங்க மச்சான்” என்றேன்.

“எங்க எறக்கணும்னு போடலியே மாப்ள.”

ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் அவர் பிடித்தார். இறக்கி வைத்தோம். அவர் முகத்தை என் தோளில் போட்டிருந்த புதுத் துண்டாலேயே துடைத்தேன். நான் அழுதேன். இதைச் சளி என்று எழுதப்போவதில்லை.

நம் கோயிலுக்குள் கால் வைத்தால் அவரை ரோமைச் சபையார் தள்ளிவைத்துவிடுவார்கள். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார், பெண் படியில் நின்றாள். மாலையை எட்டி எடுத்துக் கொடுத்தார். ஆரோக்கியம் அண்ணன் காலில் விழுந்தாள். ஐயர் உள்ளேயிருந்து தலையை அசைத்ததும் இரண்டாம் மணி அடித்தது.

தை 13, திங்கள்

சீர்ப்பெட்டி ஏன் அவ்வளவு கனம் என்று இன்றுதான் தெரிந்தது. புடவைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் அடியில் ஓர் ஓலைக்கட்டு. நூற்றிருபது ஏடு. நான் அதை அச்சுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

ஐயர் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். “எவ்வளவு நீளம்! எதிரி கலங்கிவிட்டான், பாக்கியநாதரே.”

“ஆமாம், ஐயரே” என்றேன்.

முதல் ஏட்டிலேயே வாக்கியம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. சரிசெய்தேன்.